உனக்கும் உன் ரூம் பையனுக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. அக்கா குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் சிங்கப்பூர் ரூமில் இருக்கும் பட்டுக்கோட்டைப் பையனைப் பற்றிச் சொன்னாய். வேப் என்கிற மின்சிகரெட்டாம், பேனா மாதிரி இருக்குமாம், அதை வைத்து ராத்திரியெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கிறான் என்றாய். நான் சத்தம் போட ஆரம்பித்ததும், "அது புகை இல்லம்மா, வெறும் ஆவிதான், மாம்பழ வாசனை வரும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். இழுப்பது அந்தப் பையன் மட்டும்தானா என்று நான் கேட்கப் போவதில்லை. யார் இழுத்தாலும் சொல்ல வேண்டியது இதுதான்.

அந்தக் கருவிக்குள் ஒரு பேட்டரி, ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் பஞ்சு, ஒரு திரவம். இழுத்தால் கம்பி சூடாகி, திரவம் நுண்ணிய துளிகளாக மாறி நுரையீரலுக்குப் போகிறது. திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிகோடினும் இருக்கும். சாதாரணமாக நிகோடின் அளவு கூடினால் தொண்டை எரியும், முதல் இழுப்பிலேயே வெறுத்துப்போகும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிகோடினை உப்பாக மாற்றினால் எரிச்சல் குறைந்துவிடுகிறது. 2015-ல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற மின்சிகரெட் இப்படித்தான் பிள்ளைகளைப் பிடித்தது. 2019 கணக்கெடுப்பில் அங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு 27 பேருக்கு மேல், கடந்த ஒரு மாதத்தில் இழுத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். பிறகு பிடியை இறுக்கினார்கள், வாங்கும் வயதை 21 ஆக்கினார்கள். 2024-ல் அது 8-க்கும் கீழே இறங்கிவிட்டது. மாம்பழமும் பபிள்கம்மும் யாருக்காக என்று உனக்கே தெரியும். 50 வயசில் சிகரெட்டை விட நினைக்கிறவர் பபிள்கம் கேட்டு வரப் போவதில்லை.

இது சிகரெட்டை விட மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நர்ஸாக இருந்தவள் அப்படிச் சொன்னால் அது பொய். சிகரெட்டில் தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் புகையிலை எரிவதால் வருகின்றன, இதில் எதுவும் எரிவதில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையே, சிகரெட்டை விட முடியாதவர்களை இதற்கு மாறச் சொல்கிறது. ஆனால் அங்கே நிகோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, திரவம் அடைக்கும் பகுதி 2 மில்லிக்கு மேல் கொள்ளக் கூடாது, 18 வயதுக்குள் விற்கக் கூடாது. இழுத்துவிட்டுத் தூக்கிப் போடும் வகைக்கு 2025 ஜூன் 1-லிருந்து தடையும் போட்டுவிட்டார்கள். அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவன் இருக்கிறான். உன் ரூம் பையன் டெலிகிராமில் யாரிடமோ வாங்குகிறானே, அதற்கு யார் பதில் சொல்வது? தவிர, அவன் சிகரெட்டே தொட்டதில்லை என்றும் நீதானே சொன்னாய். எதை விடுவதற்காக இதைப் பிடித்தான்?

இதற்கெல்லாம் மேலே எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறொன்று. சிங்கப்பூரில் ஒரு வகை மின்சிகரெட்டைக் கேபாட் என்று சொல்கிறார்களே, அதில் எட்டோமிடேட் கலந்திருக்கிறது என்று செய்தியில் படித்தேன். அது நான் ஆபரேஷன் தியேட்டரில் கையால் எடுத்துக் கொடுத்த மருந்து தம்பி. மயக்கம் கொடுக்க ஊசியில் போடுவது. இதயம் பலவீனமான நோயாளி என்றால் டாக்டர் பெரும்பாலும் இதைத்தான் கேட்பார், ஏனென்றால் ரத்த அழுத்தத்தை அதிகம் இறக்காது. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். ஒரு நிமிஷத்துக்குள் நினைவு போய்விடும், சில நிமிஷத்தில் தெளிந்தும்விடும். மருந்து அடைத்த ஆம்பியூலை எடுத்தவுடன் பெயரையும் அளவையும் நான் சத்தமாகப் படிப்பேன், எதிரில் நிற்பவர் இன்னொரு தடவை படிப்பார். அப்புறம்தான் சிரிஞ்சில் ஏற்றுவோம். தலைமாட்டில் மயக்க டாக்டர் ஆக்சிஜனும் மாஸ்க்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூச்சு நின்றால் அவர் மூச்சு கொடுப்பார். அதற்குத்தான் அந்த நாற்காலி.

அந்த மருந்து போட்டதும் சிலருக்குக் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். தியேட்டரில் நாங்கள் பார்த்துப் பழகியதுதான். சிங்கப்பூரில் பிள்ளைகள் ரயிலில், தெருவில் நின்ற இடத்திலேயே வளைந்து, உதறிக்கொண்டு, தள்ளாடுகிற வீடியோக்கள் வந்தனவே, அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த உதறல் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே தலைமாட்டில் யாருமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அவனுக்குச் சரியாக எடுத்துச் சொல்லு. சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் என்ற சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்ட்டிசால்தான் காய்ச்சல், அடிபடுதல், பட்டினி எது வந்தாலும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. எட்டோமிடேட் ஒரு டோஸ் போட்டாலே அது சுரப்பது பல மணி நேரம் தடைபடும். ஒரு காலத்தில் ஐசியூவில் நோயாளிகளைத் தூக்கத்தில் வைக்க இதைத் தொடர்ந்து ஏற்றினார்கள். அப்படி ஏற்றியவர்களில் இறப்பு அதிகம் என்று 1983-ல் மருத்துவ இதழில் வந்தது. அதோடு அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலேயே தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்று விட்ட மருந்தை இந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள்.

"அவன் வாங்குவது அந்த வகை இல்லை" என்பாய். எப்படித் தெரியும்? 2025 ஜூலையில் உங்கள் சுகாதார அமைச்சர் ஓங் யீ காங் சொன்னதைப் படி. பிடிபட்ட கருவிகளில் 100-க்கு மேல் எடுத்துச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாம். 2019-ல் அமெரிக்காவிலும் உள்ளே போனது என்ன என்று தெரியாமல்தான் சீரழிந்தார்கள். கஞ்சாச் சத்துள்ள கள்ளச் சரக்கைக் கெட்டியாக்க வைட்டமின் ஈ அசிடேட் எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். வாயில் போட்டால் ஒன்றும் செய்யாது, தோலில் தடவினாலும் ஒன்றும் செய்யாது. நுரையீரலுக்குள் போனபோது 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள்தான்.

இனி சட்டம். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1-லிருந்தே இதை வாங்குவது, வைத்திருப்பது, இழுப்பது எல்லாமே குற்றம். விற்றால்தான் தப்பு என்று எவனாவது சொன்னால் நம்பாதே. 2025 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினக் கூட்டத்தில், இனி இதைப் போதைப்பொருள் விவகாரமாகவே பார்ப்போம் என்று சொன்னார். செப்டம்பர் 1-லிருந்து எட்டோமிடேட்டைப் போதைப்பொருள் சட்டத்தில் சி பிரிவில் சேர்த்தார்கள். அப்போது அறிவித்தபடி, முதல் தடவை பிடிபட்ட பெரியவருக்கு 700 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம், 18 வயதுக்குள் இருந்தால் 500 வெள்ளி. எட்டோமிடேட்டைக் கடத்தி வந்தால் 3 வருஷத்திலிருந்து 20 வருஷம் வரை சிறை, பிரம்படி வேறு. உன்னை மாதிரி வேலை அனுமதிப் பாஸில் இருக்கிறவர்கள் திரும்பவும் மாட்டினால் பாஸை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம், மறுபடி உள்ளே விடவும் மாட்டார்கள். ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடனைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அதனால் பேசவில்லை.

லீவு நாளில் நீங்கள் ஜோகூர் பாருவுக்குப் போய்விட்டு வருகிறீர்கள். மலேசியாவில் சட்டம் வேறு. 2024 அக்டோபர் 1-லிருந்து அங்கே கட்டுப்பாடு வந்திருக்கிறது, 18 வயதுக்குள் விற்கக் கூடாது. ஜோகூர் மாநிலம் 2016-லேயே கடைகளில் விற்பதற்குத் தடை போட்டதுதான், இருந்தாலும் கிடைக்காமல் இல்லை என்று நீயே சொன்னாய். பாலத்துக்கு அந்தப் பக்கம் பழகின பையன்கள் அலட்சியமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வந்து நிற்பார்கள். அவன் பையை நீ ஒரு நிமிஷம்கூடக் கையில் வாங்காதே. "பிடிச்சுக்கோ மாப்ள, டாய்லெட் போயிட்டு வரேன்" என்றாலும் சரி.

திருச்சியில் படிக்கிற உன் சித்தப்பா மகன் உன்னிடம் ஒன்று வாங்கி வரச் சொன்னானாமே. சித்தியே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள், ஏதோ வாசனைப் பேனா என்று நினைத்திருக்கிறாள். தமிழ்நாட்டில் 2018-லும், நாடு முழுக்க 2019-லும் தடை. தயாரிப்பது, விற்பது, விளம்பரம் செய்வது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது எல்லாமே குற்றம். முதல் தடவையே ஒரு வருஷம் வரை சிறை, இல்லை 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இழுக்கிறவனைத் தண்டிக்கும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை, அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அந்தத் தைரியம்தான். பீடியும் சிகரெட்டும் முக்குக்கு முக்கு பெட்டிக்கடையில் தொங்க, இதை மட்டும் தடை செய்தது என்ன நியாயம் என்று கேட்டால் என்னிடமும் நல்ல பதில் இல்லை. அதற்காக ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியவன் நீ இல்லை. அவனுக்கு ஒரு நல்ல ஷூ வாங்கி வா, போதும்.

உன் ரூம் பையனுக்கு நேரம் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூரில் சில சமூக மன்றங்களில் இதைப் போடுவதற்கென்றே தொட்டி வைத்திருக்கிறார்கள். தானாக முன்வந்து விட உதவி கேட்கிறவர்களுக்கு அபராதமும் கிடையாது, பெயரும் கெடாது. மாட்டிய பிறகு போனால் அந்தச் சலுகை இல்லை. வெறும் நிகோடின் என்றால் நிறுத்திய முதல் வாரம்தான் கஷ்டம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், கண்டதைத் தின்னத் தோன்றும். மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கேட்டால் கொடுப்பார்கள், எத்தனை மெல்லுவது என்று பார்மசிஸ்டிடமே கேட்கட்டும். ஆனால் கை கால் உதறல், தலைசுற்றல், காரணமில்லாத சோர்வு, வாந்தி ஏதாவது இருந்தால் சூயிங்கத்தோடு விளையாடக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி, இல்லை மனநலக் கழகம். இழுத்தது என்ன என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல். மறைத்தால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

இந்தக் கடிதத்தை அவனிடமே கொடு. படிக்க மாட்டேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ கடைக்குப் போய் வா. அவன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் பேச மாட்டான்.

பொங்கலுக்கு லீவு கேட்டுவிட்டாயா? திருச்சி டிக்கெட் நாளாக நாளாக விலை ஏறிவிடும், கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா
மன்னார்குடி