அந்தத் தாய்ப்பால் உறவு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோவ் சியாவென் இயக்கி 1996இல் வெளிவந்த 'தி எம்பரர்ஸ் ஷேடோ' என்ற சீனப் படத்தைப் பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். பின்னாளில் சீனாவின் முதல் பேரரசனான மன்னன் யிங் ஜெங்காக ஜியாங் வென்னும் இசைக்கலைஞர் காவ் ஜியான்லியாக கே யோவும் நடித்திருப்பதை மெச்சியது மிகச் சரி. ஆனால் இருவரும் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் என்பதை வரலாறாகவே எழுதிவிட்டீர்கள். அது திரைக்கதையின் கற்பனை.

சுமார் நூறாண்டுக்குப் பின் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதிய வரலாற்றில் இருவருக்கும் எந்த உறவும் இல்லை. கி.மு. 227இல் யிங் ஜெங்கைக் கொல்லப் போய் உயிர்விட்ட ஜிங் கேயின் நண்பர்தான் காவ். மூங்கில் குச்சியால் தட்டி வாசிக்கும் 'ஜு' என்ற தந்தி வாத்தியத்தில் தேர்ந்தவர். யி ஆற்றங்கரையில் நண்பனை வழியனுப்பியபோது வாசித்தவரும் அவரே.

கி.மு. 221இல் மற்ற ஆறு நாடுகளும் யிங் ஜெங் ஆண்ட சின் நாட்டின் வசமாயின. ஜிங் கேயின் கூட்டாளிகளைத் தேடத் தொடங்கியதும் காவ் பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு வீட்டில் கூலியாளாக ஒளிந்திருந்தார். ஒருநாள் கூடத்தில் யாரோ ஜு வாசிக்க, அவரால் அங்கிருந்து நகர முடியவில்லை. இந்த இடம் நன்று, இந்த இடம் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். முப்பது வருடமாக வீணை வாசிக்கும் எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உயிருக்குப் பயந்து ஒளிந்தவரால் பிசகிய வாசிப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை! பிறகு பெட்டியிலிருந்து தம் ஜுவையும் நல்ல உடையையும் எடுத்துக்கொண்டு சபைக்கு வந்தார். புகழ் மன்னன் காதுக்கும் எட்டியது. அரண்மனையில் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். கலையை இழக்க மனமில்லாத மன்னன் உயிரை விட்டுவைத்துப் பார்வையைப் பறித்தான். அதன்பின் ஒவ்வொரு முறை கேட்டும் பாராட்டினான், மெல்ல மெல்ல அருகில் சேர்த்துக்கொண்டான். காவ் ஜுவுக்குள் ஈயத்தை நிரப்பி மன்னனை நோக்கி ஓங்கி அடித்தார். குறி தவறியது. கொல்லப்பட்டார். மன்னன் தான் வென்ற நாடுகளின் ஆட்களைச் சாகும்வரை அருகில் நெருங்க விடவில்லை.

இதில் தாய்ப்பால் உறவை நுழைத்ததும் பகை சகோதரச் சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. கண்ணைக் குருடாக்கியவனே அந்த இசைக்கு உருகினான் என்பதைவிடப் பெரிய நாடகம் வேறு என்ன வேண்டும்? படத்தைப் பாராட்டுங்கள், அதோடு சிமா சியானின் அந்தப் பகுதியையும் தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.