வடமுகத்தில் இறங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டிசம்பர் விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் இங்கே அலாஸ்காவில் உள்ள அலியெஸ்கா பனிச்சறுக்கு மலைக்கு வந்து, ஆங்கரேஜில் நம் வீட்டில் தங்காமல் மலையடிவாரத்தில் கர்ட்வுட்டிலேயே அறை எடுத்து, மலையின் வடக்குப் பக்கச் சரிவான வடமுகத்தில் சறுக்கி இறங்கப் போவதாக நீ எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தேன். இதைத் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நீ "சரிம்மா" என்று முடித்துவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன்னை வர வேண்டாம் என்று தடுப்பது என் எண்ணமில்லை. அந்த மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் ஒரு பகுதியைப் பதினைந்து ஆண்டுகளாக உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். நீ அதில் இறங்குவதற்கு முன் அது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆறு ஆண்டுகளாகக் கொலராடோவில் சறுக்கிப் பழகியவள் நீ. இரட்டைக் கறுப்பு வைரக் குறி போட்ட சரிவுகளில் நீ இறங்கும் காணொளிகளை உன் அப்பா அண்டை வீட்டாருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். உன் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் குறிகளுக்கு உலகப் பொதுவான அளவுகோல் கிடையாது என்பதை மறந்துவிடாதே. ஒவ்வொரு மலையும் தன்னிடமுள்ள சரிவுகளைத் தமக்குள்ளே ஒப்பிட்டுத்தான், எளிதிலிருந்து கடினம் வரை, பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று பிரிக்கிறது. நீ பழகிய இடங்களில் அடிவாரமே கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் இருக்கும்; அலியெஸ்காவில் அடிவாரம் வெறும் 76 மீட்டரில் இருக்கிறது. லிஃப்டில் போகக்கூடிய உச்சப் புள்ளிகூட சுமார் 840 மீட்டர்தான். எண்ணைப் பார்த்து இது குன்றுதானே என்று உன் நண்பர்கள் சிரிக்கலாம். மூச்சு வாங்காது, தலை வலிக்காது, அந்த வகையில் அவர்கள் நினைப்பது சரிதான். கடல் அவ்வளவு அருகில் இருப்பதால் வரும் மற்ற விளைவுகளைத்தான் அவர்கள் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

அலியெஸ்கா என்பது அலாஸ்கா என்ற சொல்லின் பழைய வடிவம். அல்யூட் மக்களின் மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்கு, கடலின் இயக்கம் எதை நோக்கிச் செல்கிறதோ அது என்று பொருள் சொல்வார்கள். பெயர் வைத்தவர்கள் பனிச்சறுக்கை நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் அந்த மலையின் பனியைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அலாஸ்கா வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று சுகாச் மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்ந்து, மேல்மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 16 மீட்டர் அளவுக்குப் பனியைக் கொட்டிவிட்டுப் போகிறது. உங்கள் ஊர்ப் பனி உலர்ந்தது. உருக்கினால் அதில் நூற்றுக்கு 7, 8 பங்குதான் நீர் தேறும், ஊதினால் பறக்கும். இங்கே 12 அல்லது 15 பங்குகூட இருக்கும். அந்தக் கனமான பனிதான் செங்குத்தான பாறையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உலர்ந்த பனியாக இருந்தால் இந்தச் சரிவுகளில் பாதி வெறும் கல்லாகவே கிடக்கும். அதே கனம்தான் நீ திரும்ப முயலும்போது ஸ்கீயின் முனையைப் பிடித்துக்கொள்ளும், முழங்காலை முறுக்கும். கொலராடோவில் நீ தொடைகளை ஓய்வாக வைத்துக்கொண்டு மிதந்து போகும் திருப்பங்களை இங்கே ஒவ்வொன்றாக உழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரே இறக்கத்தில் மூன்று பருவங்கள் வரும். மேலே பொடிப்பனியாக இருக்கும், நடுவில் ஈரச் சிமெண்டுபோல இறுகியிருக்கும், அடிவாரத்தில் மழையே பெய்துகொண்டிருக்கும். முந்தின நாள் மழை நடுமலை வரை ஏறியிருந்து இரவில் உறைந்துவிட்டால், அதன்மேல் கண்ணாடித் தகடுபோல் ஓடு பிடித்திருக்கும். மேலே நின்று பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. அதனால் மேல் 100 மீட்டர் எப்படி இருந்தது என்பதை வைத்து மீதிச் சரிவைக் கணிக்காதே.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 61 பாகை வடக்கில், கடலோரத்தில், சில நூறு மீட்டர் ஏறியதுமே மரங்கள் முடிந்துவிடுகின்றன. மரம் இல்லாவிட்டால் நிழல் இல்லை. நிழல் இல்லாவிட்டால், கடலிலிருந்து மேகம் ஏறி வரும் நேரத்தில் மேடும் பள்ளமும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். நிற்கிறோமா நகர்கிறோமா என்றுகூடத் தெரியாது. நான் நின்றுவிட்டதாக நினைத்துச் சாய்ந்தபோது உண்மையில் ஓடிக்கொண்டிருந்து விழுந்திருக்கிறேன். கொலராடோவில் மேகம் வந்தால் மரங்களுக்குள் புகுந்து இறங்குவாயே, அந்த வசதி இங்கே மேல்மலையில் கிடையாது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு அப்போது 12 வயது. பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. நீயும் அப்பாவும், கம்பிவடத்தில் தொங்கி மலைமேல் ஏறும் டிராமின் கீழ் நிலையத்தில் காத்திருந்தீர்கள். நான் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தேன். டிராம் நடுவழியில் நின்றுவிட்டது என்று சொன்னேன். நீ பயந்தாயா என்று கேட்டாய், நான் சிரித்தேன். டிராம் நிற்கவே இல்லை, கண்ணே. அந்த டிராம் 1993-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அதில் திரும்பி ஏறவில்லை.

நான் பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டதே நாற்பதைத் தாண்டிய பிறகு. நீலச் சதுரங்களில் நன்றாக இறங்குவேன், கறுப்பு வைரம் ஒன்றிரண்டில் தட்டுத்தடுமாறி இறங்கியிருந்தேன். அன்று டிராமில் சுமார் 700 மீட்டர் உயரத்துக்குப் போனதும், சுற்றியுள்ள பனியாறுகளைப் பார்த்துவிட்டு அதே டிராமில் கீழே வருவதாகத்தான் திட்டம். காலில் பூட்ஸும் கையில் ஸ்கீயும் இருந்ததுதான் வினையாயிற்று. ஸ்கீயோடு மேலே போனவள் டிராமில் இறங்கினால் உடன் வருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. உண்மையில் யாரும் எதையும் நினைத்திருக்க மாட்டார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நாள் முழுவதும் அதில்தான் இறங்குகிறார்கள். சரிவின் விளிம்பில் கட்டியிருந்த கயிற்றில் விட்டிருந்த திறப்பின் வழியே இளைஞர்கள் நால்வர் வடமுகத்தில் இறங்குவதைப் பார்த்தேன். அவர்கள் இறங்கிய விதம் எளிதாக இருந்தது. பின்னாலேயே போனேன்.

முதல் ஆறேழு திருப்பங்கள் நன்றாகவே வந்தன. அதன் பிறகு மேகம் ஏறியது. அந்த இளைஞர்கள் மறைந்தார்கள். சரிவு எனக்குக் கீழே எங்கே வளைகிறது என்பதே தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் இடது ஸ்கீ கனமான பனியில் புதைந்து நிற்க, நான் மட்டும் தலைகீழாகப் போனேன். எவ்வளவு தூரம் சறுக்கினேன் என்று இன்றும் தெரியாது. ஆல்டர் புதர் ஒன்றில் இடுப்பு மோதி நின்றேன். ஸ்கீ ஒன்று மேலே எங்கோ இருந்தது. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், அங்கேயே உட்கார்ந்திருந்ததுதான். கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் அல்ல, "அம்மா" என்றுதான் வாயில் வந்தது. நெடுநேரம் கழித்து, கடைசிச் சுற்று பார்த்து வந்த ரோந்துக் குழுவினர் ஒருவர் மேலிருந்து இறங்கி வந்தார். என் ஸ்கீயை அவரே கண்டெடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, ஓரத்தால் சுரண்டிச் சுரண்டிப் பக்கவாட்டில் வழுக்கி இறங்கச் சொல்லிக்கொடுத்து, எனக்குக் கீழே இரண்டு கை தூரத்தில் தானும் இறங்கினார். அடிவாரம் வரை ஒரு திருப்பம்கூட எடுக்கவில்லை. அழகில்லாத இறக்கம்தான், ஆனால் அந்தப் பக்கவாட்டு வழுக்கல் தெரிந்தவர் எந்தச் சரிவிலிருந்தும் கீழே வந்துவிடலாம். நீ அதைக் கடைசியாக எப்போது செய்தாய்? வருவதற்கு முன் செங்குத்தான இடம் ஒன்றில் உன் நண்பர்களையும் செய்ய வைத்துப் பார்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு என்ன காரணம் என்று யோசித்திருக்கிறேன். நீ அப்போதுதான் ஆர்வமாகக் கற்றுக்கொண்டிருந்தாய், பயந்து விட்டுவிடுவாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி வெட்கம்.

ஆங்கரேஜிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், சூவர்ட் நெடுஞ்சாலையில் கடலை ஒட்டியே வருவீர்கள். சிறு வயதில் பின்னிருக்கையில் அமர்ந்து பாறை மேல் வெள்ளைக் காட்டாடுகளைத் தேடிக்கொண்டு வருவாயே, அதே சாலை. பக்கத்தில் நிலத்துக்குள் நீண்டு வரும் கடலின் கிளைக்கு டர்னகெய்ன் என்ற பெயர் வந்த கதை உனக்கு மறந்திருக்கும். 1778-ல் ஜேம்ஸ் குக் வடமேற்குக் கடல்வழியைத் தேடி வந்து, இதிலும் வழியில்லை என்று கண்டு மறுபடியும் திரும்ப வேண்டியதாயிற்று. 'மறுபடியும் திரும்பு' என்று பொருள்படும் அதுவே பெயராகிவிட்டது. நான் அந்தப் பெயர்ப்பலகையை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை மாலை திரும்பி வரும்போதுதான் முதன்முறையாக வாசித்ததுபோல் இருந்தது.

கர்ட்வுட் திருப்பத்துக்கு அருகே பட்டுப்போன மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்பதை உன் நண்பர்களுக்குக் காட்டு. 1964 மார்ச் 27-ல் வந்த 9.2 அளவு நிலநடுக்கத்தில் இந்தக் கரை 2 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கடல் நீர் வேருக்கு வந்து அவை அப்படியே நின்றுவிட்டன. ஊரையே பள்ளத்தாக்கின் உள்ளே தள்ளி அமைத்தார்கள். நீர் வற்றிய நேரத்தில் தெரியும் சேற்றுத் திட்டில் படம் எடுக்க யாரும் இறங்க வேண்டாம். கால் புதைந்தால் எடுக்க முடியாது, கடல் ஏற்றமோ வேகமாக வரும். ஆங்கரேஜுக்கு வேறு சாலை கிடையாது. பனிச்சரிவு அபாயத்தால் அதை மூடிவிட்டால் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் திரும்பும் விமானத்தை மறுநாளுக்குப் போடுங்கள்.

புயல் ஓய்ந்த காலையில் வெடிச்சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பிறர் இறங்குவதற்கு முன் புதுப்பனியை ரோந்துக் குழுவே சரித்துவிடுகிறது. அந்த வேலை முடியும் வரை வடமுகம் மூடியிருக்கும். சில நாட்கள் முழுவதுமே மூடியிருக்கும். கயிறு கட்டியிருந்தால் அதற்கு அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல பனி தெரிந்தாலும் போகாதே. கடலோரப் பனி உங்கள் ஊரைவிட விரைவில் இறுகிவிடும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் புயலின்போதும் அதையடுத்த நாளிலும் அது விழும் அளவே ஆபத்து, சரிந்து மேலே மூடினால் அதன் அடர்த்தியில் மூச்சுத் திணறலும் சீக்கிரம் வரும். கீழ்ப்பகுதியில் மரங்களுக்கு இடையே போகும்போது அடிமரத்தை நெருங்காதே. கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் கிணறுபோல் வெற்றிடம் இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம். இருவர் இருவராக, ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இறங்குங்கள்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒரு வேண்டுகோள். பயணத்தை மார்ச்சுக்கு மாற்ற முடியுமா? டிசம்பரில் பகல் ஐந்தரை மணி நேரம்தான், சூரியனும் வடமுகத்தை எட்டிப் பார்க்காது. பாறையையும் புதரையும் மூடும் அளவுக்குப் பனி சேராமல் வடமுகம் திறக்காத ஆண்டுகளும் உண்டு. மார்ச் இறுதியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டுகொண்டே போகும், நிழல்கள் தெரியும். விடுமுறை கிடைக்காது என்றால் டிசம்பரிலேயே வா. மங்கிய வெளிச்சத்துக்கான மஞ்சள் கண்ணாடி போட்ட என் காகிள்ஸை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போ.

எப்போது வந்தாலும் முதல் நாள் நானும் வருகிறேன். டிராமில் உன்னோடு மேலே வந்து, கயிற்றுத் திறப்பு வரை நடந்து, நீ கீழே பார்த்துவிட்டு என்ன முடிவெடுக்கிறாய் என்று கேட்பேன். இறங்குவது என்றால் இறங்கு. இல்லையென்றால் டிராமில் எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். இந்த முறை நான் அதில்தான் திரும்பப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா