கைக்கும் காலுக்கும் வழி செய்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களின் உடல் இயக்கப் பயிற்சிக்குப் பலர் பலவிதமாக உதவினீர்கள். மொத்தமாக ஒரு நன்றி சொல்லி முடிக்க மனமில்லை. யார் செய்தது எப்படிப் பயன்பட்டது என்று சொன்னால் இதே வேலையில் இருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் தச்சர் ஐயா. கால் வைக்கும் பெட்டிகளை ஒரே உயரத்தில் அடித்துத் தராமல், ஒவ்வொரு பிள்ளையையும் நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து செய்தீர்கள். கால் தொங்கினால், உடம்பு சரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே பிள்ளையின் பலமெல்லாம் போய்விடும். தசை தொய்வாக உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். அப்புறம் கையில் பென்சில் எப்படி நிற்கும்? மேசையை முழங்கை உயரத்துக்கு இறக்கியதும், தோளைத் தூக்கிக்கொண்டு எழுதுவது நின்றது. தரையோடு படிந்து கிடக்கும் நடைப் பலகைகளை 30, 20, 10 செ.மீ. அகலங்களில், விளிம்புகளை இழைத்து, அடியில் ரப்பர் ஒட்டித் தந்ததற்குத் தனி நன்றி.

பிசியோதெரபிஸ்ட் அவர்களுக்கு: டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நிலை) உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கலாம் என்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணமும் டிராம்போலின் என்னும் குதிக்கும் வலையும் வேண்டாம் என்றீர்கள். கழுத்து வலி, தலை ஒருபக்கம் சாய்வது, நடை மாறுவது, புதிதாகச் சிறுநீர் அடங்காமல் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போகச் சொல்லும் உங்கள் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொல்லித்தந்த பொத்தான் பாடம்தான் பெரிதும் கைகொடுத்தது. கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். 2.5 செ.மீ. பொத்தானை நாமே துளையில் பாதி நுழைத்துவிட்டு, மீதியை இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுவது. அது கைவந்தபின் நுழைப்பது, பிறகு துளையைப் பிடிப்பது என்று பின்னோக்கிப் போவது. வேலை எப்போதும் பிள்ளையின் கையில் முடிவதால் சலிப்பு தட்டாது. கண்ணுக்குத் தெரியும் நடுப் பொத்தானில் ஆரம்பம். காலர் பொத்தான் கடைசி. மேசைமேல் வைக்கும், பொத்தான் துணி பொருத்திய மரச் சட்டத்தில் பழகியது, போட்டிருக்கும் சட்டைக்கு அப்படியே வராது, கோணம் வேறு. (சட்டம் பார்க்க அழகுதான், அலமாரியில் இருக்கட்டும்.)

தன்னார்வலர்களே, உதவ நீளும் கையை அடக்குவது லேசில்லை. மனதுக்குள் பத்து எண்ணிய பிறகே தொட்டீர்கள். அதுவும் பிள்ளையின் பின்னால் நின்று. முதலில் கையை, பிறகு மணிக்கட்டை, அப்புறம் முழங்கையை மட்டும் தொட்டு, கடைசியில் சைகையோடு விலகினீர்கள். விலகாவிட்டால், யாராவது தொட்டால்தான் அசைவது என்று பிள்ளை பழகிவிடும்.

காலை அவசரத்திலும் ஒரு பொத்தானைப் பிள்ளைக்கென விட்டுவைக்கும் பெற்றோருக்கும், பிடியை விட்டதும் தானே விரியும் கத்தரிக்கோல்களை வாங்கித் தந்தவர்களுக்கும் நன்றி. அந்தக் கத்தரிக்கு மெல்லிய தாள் ஆகாது, மடங்கிக்கொள்ளும். பழைய வாழ்த்து அட்டைகளை 2 செ.மீ. பட்டைகளாக்கினால் ஒரே நறுக்கில் துண்டாகும். வீட்டில் அட்டைகள் கிடந்தால் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர்கள்