நீ கேட்ட 159 சீட் கதை

மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. அம்மாக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது, திரும்பவும் பேப்பர் வாசிக்கத் துவங்கீட்டா. சின்னவள் ஏ.எல்.க்கு அரசியல் எடுக்கிறாள், அதால எங்கட வீட்டிலயும் நீ கேட்ட கதைதான் ஓடுது.

இலங்கைப் பாராளுமன்றத்தில ஜனாதிபதி அநுரவின்ர கட்சிக்கு 159 சீட் கையில கிடக்கு, மூண்டில ரெண்டு பெரும்பான்மைக்கு 150 இருந்தாக் காணும், பிறகேன் இன்னும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையைத் தூக்கேல்ல எண்டு கேட்டாய். எனக்கெண்டா அதுக்குள்ள இருக்கிற ஒரு கேள்விதான் முக்கியம், மந்திரியை ஆர் போடுறது, ஆர் எடுக்கிறது? 78இல ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன கொண்டுவந்த அரசியல் யாப்பில, மந்திரியளைப் போடேக்க தேவையெண்டு ஜனாதிபதிக்குப் பட்டாத்தான் பிரதமரைக் கேக்கவேணும், படாட்டிக் கேக்கத் தேவையில்ல. 2015இல 19ஆவது திருத்தம் வந்து, பிரதமர் சொல்லுற ஆளைத்தான் போடலாம் எண்டு கட்டிப்போட்டுது, பாராளுமன்றத்தில 212 பேர் அதுக்குக் கை தூக்கினவை. 2020 ஒக்டோபர்ல 20ஆவது திருத்தம் வந்து அதைத் திருப்பி ஜனாதிபதியிட்டயே குடுத்துது, அதுக்கு 156 பேர். பிறகு சனம் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில நிண்டு, ஜனாதிபதி கோட்டாவும் போய், 2022 ஒக்டோபர்ல 21ஆவது திருத்தம் எண்டு திரும்பவும் பிரதமரைக் கேக்கவேணுமாம், 179 பேர். 20க்கும் 21க்கும் வாக்குப் போட்டது ஒரே பாராளுமன்றம் மச்சான், ரெண்டே வருசம்! 19க்கும் சரி 21க்கும் சரி எதிர்த்துப் போட்டது சரத் வீரசேகர எண்ட எம்.பி. ஒராள்தான், அந்தாளின்ர அரசியல் எனக்கு ஒத்தே வராது, ஆனா அவர் மாறேல்ல.

யாப்பில எழுதி வைச்சு என்ன பிரயோசனம் எண்டு நீ கேப்பாய். 2018இல ஜனாதிபதியா இருந்த மைத்திரி, பிரதமர் ரணிலைத் தூக்கீட்டு அந்த இடத்தில மகிந்தவை வைச்சு, பாராளுமன்றத்தையும் கலைச்சவரெல்லே, உயர் நீதிமன்றத்தில ஏழு நீதிபதியளும் ஒரே குரலில கலைச்சது பிழை எண்டவை. 19இல நாலரை வருசத்துக்குக் கலைக்கேலாது எண்டு எழுதிக் கிடந்தபடியாத்தான் அது நடந்தது, 20 அப்ப இருந்திருந்தா வழக்கே நிண்டிராது.

இப்ப ஜனாதிபதியும் பிரதமரும் ஒரே கட்சி, நிதியும் பாதுகாப்பும் அநுரவிட்ட, ஒரு இழுபறியும் இல்ல. இழுபறி இல்லாத இந்த நேரத்திலதான் மாத்தவேணும் எண்டு நான் சொல்லுறன், நாளைக்கு ரெண்டு கட்சியா வந்தா ஒருத்தரும் விட்டுக்குடுக்கமாட்டினம். 94இல சந்திரிகா சொன்ன நாள்துவக்கம் ஜனாதிபதி முறையை ஒழிப்பம் ஒழிப்பம் எண்டு கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு, இவையாவது செய்யவேணும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறியோ? டிக்கெட் போட்டா உடன எழுது.