மூடப்பட்டது கேமரா கம்பெனிதான், ஒளிப்புலம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒளிப்புலக் கேமரா விற்ற லைட்ரோ நிறுவனம் 2018-இல் மூடப்பட்டதோடு ஒளிப்புலம் என்ற பேச்சும் அடங்கிவிட்டது என்று சென்ற இதழ்க் கட்டுரையில் படித்தேன், மனசு கேட்கவில்லை. விற்காமல் போனது ஒரு கேமரா. ஒளிப்புலம் என்றால் எந்தப் புள்ளிக்கு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்ற கணக்கு, அது எல்லா லென்ஸுக்குள்ளும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நீங்களே செய்து பார்க்கலாம். 50 மி.மீ. லென்ஸின் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, முழுக்கத் திறந்து, கிட்டத்தில் ஒரு பொருளுக்கு ஃபோகஸ் வைத்து, பின்னால் தூரத்து விளக்குகள் வட்டம் வட்டமாகத் தெரியும்போது லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் ஒட்டி மூடுங்கள். படம் பாதியாக வெட்டுப்படாது. ஒளி குறையும், ஃபோகஸில் உள்ள பொருள் முழுசாக நிற்கும், ஆனால் பின்னால் இருக்கும் வட்டமெல்லாம் அரைவட்டமாகிவிடும்! ஏனென்றால் லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் கொஞ்சம் வேறு கோணத்திலிருந்து தனியாக ஒரு முழுப் படம் தருகிறது, படத்தைப் பதியும் சென்சார் அத்தனையையும் கூட்டி ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே எண்ணாக எழுதிவிடுகிறது. அந்தப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத இடத்தைத்தான் மங்கல் என்கிறோம். கம்பிவலையை ஒட்டி லென்ஸைத் திறந்து வைத்து எடுத்தால் வலை காணாமல் போவதும் இதனால்தான், ஒரு பகுதிக்குக் கம்பி மறைத்ததை இன்னொரு பகுதி பார்த்துவிடுகிறது.

கூட்டுவதற்கு முன்பே அந்தப் படங்களைத் தனித்தனியாகப் பிடித்துவிட்டால்? குட்டி லென்ஸ்களை வரிசையாக அடுக்கிப் பிடிக்கலாம் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் 1908-லேயே சொன்னார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் ரென் இங் 2005-இல் ஒரு கேமராவின் 1.6 கோடி பிக்சல் சென்சாருக்கு முன் 296-க்கு 296 குட்டி லென்ஸ்களை வைத்தார். பிரித்த படங்களைக் கொஞ்சம் நகர்த்திக் கூட்டினால் போதும், எடுத்து முடித்த பிறகும் ஃபோகஸ் இடம் மாறும். ஆனால் திசைக்காகப் பிக்சலைச் செலவழித்ததில் கடைசிப் படம் ஒரு லட்சம் பிக்சலைக்கூடத் தொடவில்லை. லைட்ரோவையும் இந்தப் பிக்சல் கணக்குதான் துரத்தியது.

சரி, ஒளிப்புலம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலருடைய போனிலேயே இருக்கிறது. ட்யூயல் பிக்சல் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லென்ஸின் இடப்பக்கத்தையும் மறுபாதி வலப்பக்கத்தையும் பார்க்கிறது. இரண்டே திசை கொண்ட ஒளிப்புலம் அது. ஆட்டோஃபோகஸ் அதில்தான் ஓடுகிறது, 2017-இல் வந்த கூகுள் பிக்சல் 2 பின்னணியை மங்கலாக்க எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அதை வைத்துத்தான்.

தொடரில் அடுத்து அபர்ச்சர் வரப்போவதாகப் போட்டிருந்தீர்கள். துவாரத்தின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணோடு நிறுத்திவிடாமல் அந்தக் கறுப்பு அட்டையையும் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்