கொலுசு வாங்கிய பணம்

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள மகள் கயல்விழிக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நிலாவும் நலம் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நீ மூன்று முறை கேட்டும் நான் பேச்சை மாற்றிய விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன். கிரிப்டோ முதலீடு என்று நம்பி 11,60,000 ரூபாயை இழந்துவிட்டேன். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் பாதிக்கும் மேல் அது.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைக் கேட்காமலே சேர்த்தார்கள். அவர்கள் அனுப்பிய இணைப்பிலிருந்து செயலியை இறக்கி, முதலில் 20,000 ரூபாய் போட்டேன். பத்தாம் நாள், வேண்டுமானால் லாபத்தை எடுத்துப் பாருங்கள் என்றார்கள். 6,400 ரூபாய் அரை மணி நேரத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. செயலி காட்டிய எண்ணை நம்பாமல் இருந்த நான், மறுநாள் பாஸ்புக்கில் அச்சாகி வந்த எண்ணை நம்பினேன்.

பிறகு யுஎஸ்டிடி என்ற, டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயத்தை வாங்குவதற்கென்று லட்சக்கணக்கில் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பெயருக்கு, வேறொரு மாநிலத்து வங்கிக் கிளைக்கு. கணக்குப் பிரிவில் 32 ஆண்டுகள் இருந்து, பெயர் பொருந்தாத வவுச்சர்களைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிய எனக்கு, இது ஏன் என்று ஒரு முறைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

திரையில் 41 லட்சம் நின்றது. எடுக்க முயன்றபோது, 30 விழுக்காடு வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். அந்த 30 உண்மையான எண் என்பதால்தான் ஏமாந்தேன். 2022 ஏப்ரல் முதல் இத்தகைய லாபத்துக்கு வருமான வரி அவ்வளவுதான். ஆனால் அதை நாம் வருமான வரித் துறைக்குச் செலுத்துகிறோம். விற்கும்போது முன்னதாகவே பிடிக்கும் வரியான 1 விழுக்காடு டிடிஎஸ்ஸையும் நமக்கு வர வேண்டிய தொகையிலிருந்துதான் கழிப்பார்களே தவிர, கையிலிருந்து கட்டச் சொல்வதில்லை. மாடி வீட்டு ஆடிட்டர் இதை விளக்குவதற்குள் வரி என்ற பெயரில் 2 லட்சம் போயிருந்தது.

அன்றிரவே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணில் புகார் கொடுத்தேன். கடைசியாக அனுப்பியதில் 74,000 ரூபாயை ஒரு கணக்கில் முடக்கிவிட்டார்கள். மற்றது கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. அடுத்த வாரமே, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 15,000 என்று ஒருவன் அழைத்தான். என் தொலைபேசி எண்ணை அவனுக்கு விற்றவர்களும் என்னை ஏமாற்றியவர்களேதான் என்பது என் ஊகம்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். சென்ற மாதம் ஓய்வூதியம் எடுக்கப் போனபோது, என் கணக்கில் 6,400 ரூபாய்க்கு லீன் போட்டிருப்பதாக, அதாவது அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி பிடித்து வைத்திருப்பதாக, வங்கியில் சொன்னார்கள். மகாராஷ்டிரத்தில் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் அங்குள்ள காவல் துறை கேட்டுக்கொண்டதாம். எனக்கு லாபம் என்று வந்தது, என்னைப் போலவே ஏமாந்த யாரோ ஒருவர் அனுப்பிய பணம். என்னுடையதும் அப்படியே இன்னொருவர் பாஸ்புக்கில் லாபமாக அச்சாகியிருக்கும். கவுன்டர் முன்னால் நின்றபடியே எனக்கு வியர்த்துவிட்டது. பணம் போன அன்றுகூட அப்படி வியர்க்கவில்லை.

அந்த 6,400 ரூபாயில்தான், தி.நகர் உஸ்மான் சாலையில் அம்மாவுடன் நான்கு கடை ஏறி இறங்கி, நிலாவின் முதல் பிறந்தநாளுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கினேன். காணொளி அழைப்பில் அவள் காலை உதைத்து மணிகளைக் குலுக்கியபோது, அப்பாவின் முதல் லாபம் என்று நான் பெருமையடித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும்.

கொலுசைக் கழற்ற வேண்டாம். அந்தத் தொகையைப் புகார்தாரரிடமே சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அது என் ஓய்வூதியத்தில் வாங்கியதுதான். நீ அனுப்புவதாகச் சொன்ன பணமும் வேண்டாம், வீட்டுச் செலவுக்குக் குறைவில்லை.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும், இந்தக் கொலுசு விஷயம் தவிர. நீ முந்திக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமை நீ அழைப்பதற்குள் நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா