பெயருக்கு ஒரே கட்டம் போதும்: படிவக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மின்னிலக்கப் படிவத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் உள்ள நம் பல்கலைக்கழகத்தின் ஒரு புல அலுவலகத்தில் 23 ஆண்டுகளாகக் கவுண்டரில் உட்கார்ந்து மாணவர்களின் படிவங்களை வாங்கிக்கொண்டிருப்பவள் நான். வரும் ஆகஸ்ட்டில் பருவம் தொடங்கும்போது காகிதப் படிவங்கள் நிறுத்தப்படும், எல்லாம் புதிய முறைக்கு மாறும் என்று அறிவித்திருக்கிறீர்கள். சென்ற மாதச் சோதனையோட்டத்தில் எங்கள் அலுவலகமும் பங்கெடுத்தது. அதில் கண்டதை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்கு அனுப்பிவிட்டேன். அதையே தமிழில் எல்லாரும் படிக்கும்படி எழுதக் காரணம், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒவ்வொரு மாணவரையும் அவரைப் பெற்றவர்களையும் இது தொடுகிறது என்பதே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றம் வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பாட விலகல் விண்ணப்பத்துக்கு மூன்று கையெழுத்து வாங்க, கொட்டும் மழையில் பிளாக் பிளாக்காக அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அலமாரியை நகர்த்தியபோது சுவரோரம் ஒரு படிவம் கிடைத்தது. தேதியைப் பார்த்தால் இரண்டு ஆண்டு பழையது. அதைக் கொடுத்த மாணவி அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விட்டாள். பதில் வரும் வரும் என்று எத்தனை நாள் காத்திருந்தாளோ! அந்தக் காலம் திரும்பி வர நான் ஆசைப்படவில்லை.

ஆனால் சோதனையோட்டத்தின் இரண்டாம் வாரம் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். தந்தை திடீரென்று இறந்துவிட்டார். வீட்டுக்கு மூத்த பிள்ளை. ஒரு பருவம் விடுப்பு எடுக்க விண்ணப்பித்தான். முதல் திரையிலேயே 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்ப வேண்டும். அவனுடைய அடையாள அட்டையில் இருப்பது அவன் பெயர், பிறகு 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும் எஸ்/ஓ, பிறகு அப்பா பெயர். அப்படியே தட்டினான். 'அனுமதிக்கப்படாத குறியீடு' என்று வந்தது. சாய்கோட்டை எடுத்தான். குடும்பப் பெயர் காலியாக இருக்கிறது என்றது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டு அனுப்பிவிட்டான்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. 'அன்புள்ள திரு' என்று தொடங்கி, அடுத்து இறந்துபோன அப்பாவின் பெயர். அதன் கீழே, 'தங்கள் தந்தையின் மறைவை ஒட்டிய விடுப்பு விண்ணப்பம் கிடைத்தது' என்று ஒரு வரி. கைப்பேசியை எடுத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தான். கோபப்படவில்லை, குறை சொல்லவும் இல்லை. "ஆன்ட்டி, இதில் அப்பா பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட முடியுமா?" என்று மட்டும் கேட்டான். என்னால் முடியவில்லை. அனுப்பிய பிறகு பெயர்க் கட்டம் பூட்டிக்கொள்கிறது. அடுத்தடுத்து மூன்று ஒப்புதல்கள் நடந்தன. மூன்று மின்னஞ்சல்களும் அதே பெயரில் அவனுக்குப் போயின. துறையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, இந்தப் பெயரில் வகுப்பில் யாருமே இல்லையே என்று வேறு கேட்டார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரோ அதன் முதலெழுத்தோ கூட வரும், அதுவும் ஒரு தலைமுறைக்குத்தான். என் அப்பா பெயர் எனக்கு, என் கணவர் பெயர் என் பிள்ளைகளுக்கு. எஸ்/ஓ போலவே, டி/ஓ என்றால் இன்னாரின் மகள். அந்தச் சாய்கோடு பெயரின் ஓர் அங்கம். மலேசியாவிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் அதே பொருளில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் கடப்பிதழில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் பல வேளைகளில் வெறுமையாக இருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் சோதனையில் வெறும் புள்ளி வைத்தார். இன்னொருவர் தம் பெயரையே இரண்டு தடவை எழுதினார். நாளைக்கு மாணவர் அனுமதி அட்டையில் ஒரு பெயர், நம் பதிவில் வேறொரு பெயர் என்றால், அலையப்போவது அந்தப் பிள்ளைதான்.

இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள தொல்லையும் இல்லை. இன்னாரின் மகன், மகள் என்பதற்கு 'பின்', 'பின்தி' என்று எழுதும் மலாய் மாணவர்களின் பெயரை எங்கே வெட்டுவீர்கள்? குடும்பப் பெயரை முன்னால் வைக்கும் சீன மாணவர்களுக்கு 'முதற்பெயர்' என்றால் எது?

அரசாங்கமே இப்படி வெட்டுவதில்லை. அடையாள அட்டையில் பெயர் பிளவுபடாமல் முழுதாக இருக்கிறது. அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக, நம் விவரங்களைப் படிவங்களில் நிரப்பித் தரும் மைஇன்ஃபோ சேவையிலும் அப்படித்தான். மாற்றுப் பெயர், திருமணத்துக்குப் பிந்திய பெயர், சீனர்களின் ஹன்யூ பின்யின் (மாண்டரின் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) பெயர் ஆகியவற்றுக்கு அங்கே தனித்தனி இடம் உண்டு. முதன்மைப் பெயர் மட்டும் முழுப்பெயராக ஒரே இடத்தில் வருகிறது. முழுதாக வருவதை நம்முடைய முறை வாங்கி, கடைசி இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே முறித்துப்போடுகிறது. அதனால்தான் ஒரு மாணவியின் முதற்பெயரோடு 'டி/ஓ' ஒட்டிக்கொண்டு நின்றது. அது ஒன்றும் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை.

சாய்கோட்டை ஏன் தடுக்கிறீர்கள் என்று மென்பொருள் அமைத்துத் தந்தவர்களிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார்கள். கணினியில் கோப்புறைகளையும் இணைய முகவரியின் பகுதிகளையும் பிரிக்கும் குறி அது. விண்ணப்பக் கோப்பு மாணவரின் பெயரில் சேமிக்கப்படுவதால், பெயரில் சாய்கோடு இருந்தால் கோப்பு உருவாகாது. காரணம் நியாயமானதுதான். அப்படியென்றால் கோப்புக்கு விண்ணப்ப எண்ணைப் பெயராக வையுங்கள். மாணவர்களின் அந்தரங்கத்துக்கும் அதுவே நல்லது. 2019 செப்டம்பர் 1 முதல் அடையாள அட்டை எண்ணையே தேவையில்லாமல் கேட்டு வாங்கக் கூடாது என்ற நெறிமுறையைக் கடைப்பிடிக்கிறோம். பெயரைக் கோப்பின் தலையில் எழுதித் திறந்து வைப்பானேன்?

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கணினித் திரையில் தமிழ் எழுத்தைக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்த 1995இல், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியவர்கள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தினர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி அதன் தமிழ்ப் பக்கத்துக்காக உழைத்தார். 1997இல் தமிழிணைய மாநாடு இங்கேதான் கூடியது. ஒரு மொழி முழுவதையும் இணையத்தில் ஏற்ற முடிந்த ஊரில், ஒரு சாய்கோட்டை ஏற்க முடியாதா?

நான் கேட்பது பெரிய வேலையில்லை. அடையாள அட்டையிலோ கடப்பிதழிலோ உள்ளபடி முழுப்பெயருக்கு ஒரே ஒரு கட்டம். அதில் சாய்கோடு, புள்ளி, இணைப்புக்கோடு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நீளமான பெயரைப் பாதியில் நறுக்காதீர்கள். அதன் கீழே, 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று இன்னொரு கட்டம். கடிதங்கள் அந்தப் பெயரில் போகட்டும். அனுப்பிய பிறகும் பெயரைத் திருத்த எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.

இன்னொன்று. காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்திருக்கிறீர்கள். சொந்தமாக எழுத இடமில்லை. காகிதத்தில் பிள்ளைகள் ஓரத்தில் எழுதுவார்கள். ஒரு மாணவி பென்சிலால் பொடி எழுத்தில், 'வீட்டுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்ததால்தான் அந்தக் கடிதத்தை நிறுத்தி வைத்தோம். அப்படி எழுத ஒரு கட்டம் வேண்டும், அதை ஓர் ஆள் படிக்க வேண்டும். கவுண்டரையும் அதே வாரத்தில் மூட வேண்டாம். முதல் பருவம் முடியும்வரையாவது திறந்திருக்கட்டும்.

சோதனையில் சிக்கிய பெயர்களை, எந்த இடத்தில் எப்படிச் சிக்கின என்ற விவரத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மாலை 4 மணிக்குமேல் கவுண்டரில் கூட்டம் இருக்காது. உங்கள் குழுவிலிருந்து யாராவது வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

அந்த மாணவன் ஜனவரியில் திரும்பி வருகிறான். மீண்டும் சேர்வதற்கான படிவத்தை உங்கள் புதிய முறையில்தான் நிரப்பியாக வேண்டும். அதற்குள் இதைச் சரிசெய்து கொடுங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
புல அலுவலகக் கவுண்டர் ஊழியர்